நண்பர்களோடு பாய்மரப் படகில் சீஷெல்ஸ் உள்தீவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நான்கு, ஐந்து பாகைகளில், இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் சீஷெல்ஸின் உள்தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. நண்பர்கள் ஆறு பேரோ எட்டுப் பேரோ சேர்ந்து ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, ஒரு வார காலம் அந்தத் தீவுகளைச் சுற்றிவர எண்ணுவோர் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இப்பக்கம் விடையளிக்கிறது. விடுதி, உணவகப் பரிந்துரைகளை இதில் தேட வேண்டாம். படகும் காற்றும் உடன் வரும் மனிதர்களுமே இங்கே பேசப்படுகின்றனர்.

வெப்பமண்டலத் தீவுகள் எத்தனையோ இருக்க, ஏன் சீஷெல்ஸ்?

முதல் காரணம் தூரம். மாஹே, பிராலின், லா டீக் ஆகிய மூன்று முதன்மைத் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த சிறு தீவுகளும் ஒரே கடலடி மேடையின் மேல் நிற்பதால், பெரும்பாலான நேரம் ஏதோ ஒரு கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டாவது காரணம் புயல். கரீபியன் தீவுகளில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவத்தை அஞ்சி நாள் குறிக்க வேண்டியிருக்கும். சீஷெல்ஸின் உள்தீவுகளோ நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் புயல் பாதைக்கு வெளியே அமைந்துள்ளன. இது நாடு முழுவதற்கும் பொருந்தாது: தெற்கே வெகுதொலைவிலுள்ள ஃபார்குவார் தீவுகளை 2016 ஏப்ரலில் ஃபன்டாலா புயல் கடுமையாகத் தாக்கியது.

மூன்றாவதாக, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா பெற வேண்டியதில்லை. பயணத்துக்கு முன் கட்டணம் செலுத்தி இணையவழிப் பயண அனுமதி பெற்றுக்கொண்டு, திரும்பும் பயணச்சீட்டையும் தங்குமிடச் சான்றையும் காட்டினால் போதும். இரவு தங்குவது படகில்தான் என்றால் படகின் வாடகை உறுதிச் சீட்டையே அனுமதி விண்ணப்பத்தில் குறிப்பிடலாம்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

இந்தக் கேள்விக்கான விடையே மற்ற எல்லா விடைகளையும் தீர்மானிக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்கிலிருந்து காற்று சீராக வீசும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அது வலுத்து, சில நாட்களில் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தையும் தாண்டும். வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும், மழை குறைவு, ஆனால் அலை உயரும். டிசம்பர் முதல் மார்ச் வரை காற்று திசை மாறி வடமேற்கிலிருந்து, பெரும்பாலும் மெலிதாக வீசும். ஆண்டின் அதிக மழை ஜனவரியில்தான் பெய்கிறது. இவ்விரு பருவங்களுக்கும் இடைப்பட்ட ஏப்ரலிலும், அக்டோபர் இறுதி முதல் நவம்பர் வரையிலும் கடல் கண்ணாடிபோல் அடங்கிக் கிடக்கும். நீருக்கடியில் பார்ப்பதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் பாயை விரித்துவிட்டு, காற்றுக்காகக் காத்திருந்து, கடைசியில் இயந்திரத்தை முடுக்குவதுதான் அக்காலத்தின் நடைமுறை.

பாய்மரப் பயணமே நோக்கம் என்றால் மே, ஜூன் அல்லது செப்டம்பர் மாதங்களைத் தேர்வு செய்வதே சரி என்பது என் கருத்து. பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு என்று எட்டுப் பேரின் நாட்காட்டிகளையும் ஒன்றாக வைத்துத் தேதி பார்க்கும்போது, பலரும் காற்றின் நாட்காட்டியை மட்டும் மறந்துவிடுகிறார்கள். ஆகஸ்டில்தான் எல்லோருக்கும் ஒழிகிறது என்றால் தாராளமாகப் போகலாம். முதல்முறை கடலில் இறங்குவோர் குழுவில் இருந்தால், அந்த மாதத்தின் அலையை முன்பே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாளில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பயணம் செய்ய வேண்டியிருக்கும்?

மாஹேயின் கிழக்குக் கரையிலுள்ள ஈடன் தீவுப் படகுத்துறையிலிருந்து பிராலினுக்கு ஏறத்தாழ 24 கடல்மைல், அதாவது 45 கிலோமீட்டர் வரை இருக்கும். ஐந்து, ஆறு நாட் வேகத்தில் நான்கு முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். வாரத்தின் நீண்ட பயணங்கள் போகும்போது இது ஒன்றும் திரும்பும்போது இது ஒன்றும்தான். பிராலினை அடைந்துவிட்டால் லா டீக், கியூரியூஸ், கோகோ, பெலிசிட்டே எல்லாம் ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பயணத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிராலின் மாஹேயிலிருந்து வடகிழக்கில் இருக்கிறது. காற்றோ ஒரு பருவத்தில் தென்கிழக்கிலிருந்தும் மறு பருவத்தில் வடமேற்கிலிருந்தும் வீசுகிறது. ஆகவே எந்தப் பருவமானாலும், போகும்போதும் வரும்போதும் காற்று படகின் விலாவில்தான் வந்து படும். பாய்மரப் படகு எளிதாகவும் விரைவாகவும் ஓடும் நிலை இது; எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து முன்னேறும் உழைப்பு மிச்சமாகிறது. அதே அமைப்பில் அலையும் பக்கவாட்டிலிருந்தே வருவதால் படகு இடவலமாக உருளும். தென்கிழக்குப் பருவத்தில் புதியவர்கள் குமட்டலில் விழுவது பெரும்பாலும் இந்த ஐந்து மணி நேரத்தில்தான்.

வாடகை நிறுவனங்கள் இரவில் படகு ஓட்ட அனுமதிப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஆறரை மணி அளவில் இருட்டிவிடும் என்பதால், காலையில் ஒன்பது மணிக்குள் புறப்பட்டுப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குள் நங்கூரமிட்டுவிடும் வழக்கத்தை முதல் நாளிலேயே பழகிக்கொள்வது நல்லது. வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் தண்ணீருக்கடியிலுள்ள பவளப் பாறை பழுப்பாகவும் மணல் வெளிர்நீலமாகவும் பிரிந்து தெரியும். மாலைச் சாய்வெயிலில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

எங்களில் யாருக்கும் படகு ஓட்டத் தெரியாது. போக முடியுமா?

முடியும். ஸ்கிப்பர் எனப்படும் படகுத் தலைவரைப் படகோடு சேர்த்து நாள் கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம். அவருக்கு உறங்க இடமும் மூன்று வேளை உணவும் உங்கள் பொறுப்பு. அவர் உள்ளூர்க்காரர் என்பதால் எந்த விரிகுடாவில் எந்தக் காற்றுக்கு அலை புகும் என்பதை வரைபடத்தைப் பார்க்காமலே சொல்வார். அந்த அறிவுக்குத்தான் கூலி. சுக்கானைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல.

தாமாகவே ஓட்ட விரும்புவோரிடம் நிறுவனங்கள் படகோட்டும் சான்றிதழையும் இதுவரை ஓட்டிய அனுபவத்தின் எழுத்துப்பூர்வமான விவரத்தையும் கேட்கும். பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் வழங்கும் டே ஸ்கிப்பர் சான்றிதழ் பரவலாக ஏற்கப்படுகிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு, 1911-இல் தொடங்கப்பட்டுத் துறைமுகத்துக்குள்ளேயே இயங்கிவரும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் சிறு படகில் பாய் பிடிக்கப் பழகுவது நல்ல அடித்தளம். காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கன்னத்தில் உணரும் பழக்கம் சிறு படகில்தான் வரும். ஆனால் 40 அடிப் படகை நெருக்கமான துறையில் நிறுத்துவதும் நங்கூரமிடுவதும் வேறு வித்தைகள். அவற்றைத் தனியே கற்றாக வேண்டும். இடைநிலையில் இருப்பவர்கள் முதல் இரண்டு நாட்களுக்கு மட்டும் ஸ்கிப்பரை வைத்துக்கொண்டு, அவர் திருப்தி அடைந்தபின் தாமே தொடரும் ஏற்பாட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

இரட்டை உடல் கொண்ட கேட்டமரானா, ஒற்றை உடல் கொண்ட படகா?

எட்டுப் பேர் என்றால் கேட்டமரான். நான்கு அறைகள், பெரும்பாலும் அறைக்கொரு கழிப்பறை, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட அகன்ற பின்தளம், ஒன்றேகால் மீட்டர் அளவே ஆழம் தேவைப்படுவதால் கரைக்கு நெருங்கி நிற்கும் வசதி எனச் சாதகங்கள் பல. நங்கூரத்தில் நிற்கும்போது உருளுவதும் குறைவு.

இதில் ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு. ஒற்றை உடல் படகு, காற்று மிகும்போது ஒரு பக்கம் சாய்ந்து, பாயைச் சுருக்கு என்று தானே சொல்லிவிடும். கேட்டமரான் சாய்வதில்லை, கயிறுகளும் பாய்மரமும் தாங்கும் விசை வெளியில் தெரியாமலே ஏறிக்கொண்டிருக்கும். எந்த வேகத்தில் முதல் சுருக்கு, எந்த வேகத்தில் இரண்டாவது சுருக்கு என்று நிறுவனம் ஓர் அட்டவணை கொடுத்திருக்கும். காற்றுமானியைப் பார்த்து, அந்த அட்டவணைக்கு ஒரு படி முன்னதாகவே சுருக்கிவிடுவதே விவேகம். நாலு பேர் மட்டும் போகிறீர்கள், படகு ஓட்டும் இன்பத்துக்காகவே போகிறீர்கள் என்றால் ஒற்றை உடல் படகு தரும் உயிர்ப்பை கேட்டமரானால் தர இயலாது.

யாரை அழைத்துப் போவது? முடிவுகளை யார் எடுப்பது?

படகில் போகும் நட்பு வேறு, திருமண வீட்டிலும் தேநீர்க் கடையிலும் சந்திக்கும் நட்பு வேறு. 40 அடி நீளத்துக்குள் ஏழு இரவுகள் எட்டுப் பேர் இருக்கும்போது, கோபித்துக்கொண்டு எழுந்து போவதற்கு இடமே கிடையாது. குறட்டை, விடியற்காலையில் பாட்டுப் போடும் பழக்கம், தன் தட்டைத் தான் கழுவாத சோம்பல் எல்லாமே மூன்றாம் நாளில் பெரிதாகத் தெரியும். ஆகவே மிக நெருங்கியவர் என்பதைவிட, மாற்றத்துக்கு இணங்கிப் போகிறவர் என்பதையே அளவுகோலாகக் கொள்ளலாம். 'திட்டமிட்டபடி இன்று அந்தத் தீவுக்குப் போயே ஆக வேண்டும்' என்று பிடிவாதம் பிடிக்கும் ஒருவர், கடல் தெரிந்த ஸ்கிப்பரையே தவறான முடிவுக்குத் தள்ளிவிட முடியும்.

முடிவெடுப்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. புறப்படுவதா வேண்டாமா, எங்கே நங்கூரமிடுவது, எப்போது பாயைச் சுருக்குவது, யார் எப்போது உயிர்காப்பு அங்கி அணிவது ஆகியவற்றில் படகுத் தலைவரின் சொல்லே இறுதியானது. அங்கே வாக்கெடுப்பு இல்லை. அவர் உங்களைவிட வயதில் இளையவராகவோ அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே பணிபுரிபவராகவோ இருந்தாலும் இதுவே விதி. நம்மவர்களுக்கு இது எளிதில் வருவதில்லை. மூத்தவர் ஒருவர் 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது தம்பி' என்று சொல்லிவிட்டால், மறுத்துப் பேச இளையவர் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை என்பதைக் கரையில் இருக்கும்போதே அந்த மூத்தவரின் வாயாலேயே சொல்ல வைப்பது சிறந்த உபாயம். என்ன சமைப்பது, எந்தக் கரையில் எவ்வளவு நேரம் இருப்பது போன்ற மற்றவற்றை எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்யலாம்.

வேலைகளையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நங்கூரத்தைக் கவனிக்க இருவர், பாய்க்கயிறுகளுக்கு இருவர், சமையலுக்கும் பாத்திரத்துக்கும் முறை வைத்து இருவர் என்று அமைத்து, ஒவ்வொரு நாளும் மாற்றிக்கொண்டால் யாரும் வெறும் பயணியாக உட்கார்ந்து சலிப்படைய மாட்டார்கள். சமையல் முழுவதையும் பெண்களிடம் விட்டுவிட்டு ஆண்கள் சுக்கானைச் சுற்றி நிற்கும் படகுகளைப் பார்க்க நேர்கிறது; அவற்றில் பாதிப் பேருக்கு அது விடுமுறையாகவே இருப்பதில்லை.

செலவை எப்படிக் கணக்கிட்டுப் பங்கிடுவது?

விளம்பரத்தில் தெரியும் வாடகை, மொத்தச் செலவின் ஒரு பகுதி மட்டுமே. அதன்மேல் ஸ்கிப்பரின் கூலி, டீசல், கரைக்குப் போய்வரும் சிறு ரப்பர் படகுக்கான பெட்ரோல், கடற்பூங்கா நுழைவுக் கட்டணங்கள், மளிகை, கரையில் உண்ணும் உணவு, விமானக் கட்டணம் எல்லாம் சேரும். வாடகை பெரும்பாலும் யூரோவில் சொல்லப்படும். அன்றாடச் செலவு சீஷெல்ஸ் ரூபாயில் நடக்கும்.

பலரும் கவனிக்கத் தவறுவது பிணைத்தொகை. படகுக்குச் சேதம் நேர்ந்தால் கழித்துக்கொள்வதற்காகக் கடன் அட்டையில் ஒரு பெருந்தொகையை நிறுத்தி வைப்பார்கள். நாள் கட்டணம் ஒன்றைச் செலுத்தினால் அந்தத் தொகையை வெகுவாகக் குறைக்கும் திட்டமும் உண்டு. முதல்முறை போகிறவர்கள் அதை எடுத்துக்கொள்வதே நல்லது. யாருடைய அட்டை என்பதோடு, சேதம் நேர்ந்தால் எல்லோரும் சமமாக ஏற்பார்கள் என்பதையும் புறப்படுமுன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு எழுத்து என்று தோன்றும். நண்பர்களாகவே திரும்பி வருவதற்குத்தான். படகின் வாடகையை அறைக் கணக்கிலும் மற்ற செலவுகளைத் தலைக் கணக்கிலும் பங்கிட்டால் பூசல் குறையும்.

தென்கிழக்குக் காற்றுக் காலத்தில் ஒரு வாரத்துக்கான பாதை எப்படி இருக்கலாம்?

படகைப் பெற்றுக்கொள்ளும் நாளில் பிற்பகல் ஆகிவிடும் என்பதால் முதல் இரவை மாஹேயின் எதிரிலேயே, 1973-இல் அமைக்கப்பட்ட செயின்ட் ஆன் கடற்பூங்காவில் கழிக்கலாம். அங்குள்ள முவாயென் தீவைப் பிரெண்டன் கிரிம்ஷா என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1962-இல் 8,000 பவுண்டுக்கு வாங்கி, ரெனே லாஃபோர்ச்சூன் என்ற உள்ளூர்க்காரரின் துணையோடு பல்லாயிரம் மரங்களை நட்டுக் காடாக்கினார். இன்று அத்தீவே ஒரு தேசியப் பூங்கா.

மறுநாள் பிராலினை நோக்கிய நீண்ட பயணம். பிராலினின் வடமேற்கு முனையிலுள்ள ஆன்ஸ் லாசியோ விரிகுடா தென்கிழக்குக் காற்றுக்கு மறைவாக இருப்பதால் இரவில் அமைதியாகத் தூங்கலாம். வடமேற்குப் பருவத்தில் அதே இடத்தில் அலை நேராக உள்ளே புகுந்து படகைத் தாலாட்டும். அப்போது வேறிடம் பார்க்க வேண்டும். இந்தத் தீவுகளில் 'நல்ல விரிகுடா' என்று ஒன்று தனியாக இல்லை, இந்தக் காற்றுக்கு நல்ல விரிகுடா என்றுதான் உண்டு.

அடுத்து கியூரியூஸ். சீஷெல்ஸின் தொலைதூரப் பவளத்தீவான ஆல்டாப்ராவிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பெருகிய பேராமைகள் இங்கே வேலியில்லாமல் நடமாடுகின்றன; கழுத்தை வருடினால் நீட்டிக்கொண்டு நிற்கும். பே லாரேயில் இறங்கி, சதுப்புநில மரங்களுக்கிடையே செல்லும் மரப்பாலத்தில் நடந்து மறுகரையை அடைந்தால், 1965 வரை இயங்கிய தொழுநோயாளர் குடியிருப்பின் எச்சங்களையும் மருத்துவர் தங்கியிருந்த வீட்டையும் காணலாம். ஆமை வளர்ப்புக்காகக் கட்டப்பட்ட பழைய கடற்சுவர் 2004 சுனாமியில் உடைந்துபோனது. நாகப்பட்டினத்தையும் மட்டக்களப்பையும் தாக்கிய அதே அலை இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அங்கிருந்து சென் பியேர் என்னும் சிறு பாறைத்தீவில் நீந்திவிட்டு, பிராலினின் கிழக்குக் கரையிலுள்ள பே சென்ட் ஆன் துறைக்குப் போய்த் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். அங்கே இறங்கி வலே த மே காட்டைப் பார்க்காமல் வரக்கூடாது. 1983-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த, இருபது ஹெக்டேருக்கும் குறைவான இந்தக் காட்டில், உலகிலேயே மிகப் பெரிய விதையைத் தரும் இரட்டைத் தேங்காய் மரங்கள் வானை மறைத்து நிற்கின்றன. இம்மரம் இயற்கையாக வளர்வது பிராலினிலும் கியூரியூஸிலும் மட்டுமே.

லா டீக்கின் துறை மிகச் சிறியது. நண்பகலுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் உள்ளே இடம் கிடைக்கும். கரையில் மிதிவண்டியை வாடகைக்கு எடுத்துத் தீவைச் சுற்றலாம். புகழ்பெற்ற ஆன்ஸ் சூர்ஸ் தார்ஜான் கடற்கரையின் முன்னால் ஆழமற்ற பவளத்திட்டு இருப்பதால் படகில் அதை நெருங்க இயலாது. நிலவழியாக, பழைய கொப்பரைத் தோட்டத்துக்குக் கட்டணம் செலுத்தி, அதனூடே போக வேண்டும். தென்கிழக்குக் கரையிலுள்ள கிராந்த் ஆன்ஸில் இக்காலத்தில் நீரோட்டம் ஆளை இழுக்கும் வலிமையுடையது. அங்கே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசியில் கோகோ தீவின் அருகே ஒரு காலை நேரம், பிறகு மாஹேக்குத் திரும்புதல். நாளொன்றை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். காற்று மிகுந்தாலோ ஓரிடம் பிடித்துப்போனாலோ அது தானாகவே செலவாகிவிடும்.

கூசான், ஆரீட் போன்ற பறவைத் தீவுகளில் இறங்கலாமா?

உங்கள் சிறு படகில் நேராகப் போய் இறங்க முடியாது. காவலர்கள் தங்கள் படகை அனுப்பி உங்களை ஏற்றிச் செல்வார்கள். எலி, பூனை, வேற்று விதை எதுவும் கரையேறிவிடக் கூடாது என்பதே காரணம். கூசான் தீவு 1968-இல் பறவைப் பாதுகாப்புக்காக வாங்கப்பட்டபோது சீஷெல்ஸ் கதிர்க்குருவிகள் உலகில் முப்பதுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன; இன்று பல தீவுகளில் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. அங்கே பார்வையாளர்களுக்கு வார நாட்களின் காலை நேரம் மட்டுமே. ஆரீடில் தென்கிழக்குக் காற்று வலுக்கும்போது இறங்குவதே கடினம்.

நங்கூரமிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மணலில் மட்டுமே போட வேண்டும். இங்குள்ள பவளங்களின் பெரும்பகுதி 1998-இல் கடல்நீர் வெப்பமானபோது வெளுத்து மடிந்தது. மீண்டு வந்தவற்றை 2016 மறுபடி தாக்கியது. எஞ்சியதன் மேல் சங்கிலியை இழுப்பது பாவம் என்பதோடு, பவளத்தில் சிக்கிய நங்கூரம் படகைப் பத்திரமாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கையும் கிடையாது. மிதவைகள் உள்ள இடத்தில் மிதவையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலியை விட்டு, இயந்திரத்தால் மெல்லப் பின்னிழுத்து நங்கூரம் புதைந்ததை உறுதி செய்த பிறகு, நீச்சல் தெரிந்த ஒருவர் கண்ணாடி அணிந்து மேலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டும். கரையில் இரண்டு பாறைகளை ஒரே நேர்கோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, படுக்கப் போகுமுன் மீண்டும் பார்த்தால் படகு நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். மாலையில் பக்கத்துப் படகுக்காரர்களின் தூரத்தையும் கவனியுங்கள். காற்று திரும்பினால் எல்லாப் படகுகளும் சுழலும்.

குழுவில் சிலருக்கு நீச்சல் தெரியாது. அவர்களை அழைத்துப் போகலாமா?

போகலாம், நிபந்தனைகளோடு. மேல்தளத்தில் நடமாடும்போதும் சிறு ரப்பர் படகில் ஏறும்போதும் அவர்கள் உயிர்காப்பு அங்கியைக் கழற்றக் கூடாது. பயணத்தின்போது ஒரு கை எப்போதும் படகைப் பிடித்திருக்க வேண்டும். விபத்துகள் பலவும் புயலில் நேர்வதில்லை. படகிலிருந்து ரப்பர் படகுக்குக் கால் மாற்றும் அந்த ஓர் அடியில்தான் நேர்கின்றன. ரப்பர் படகை ஓட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றைத் தம் மணிக்கட்டிலோ முழங்காலிலோ மாட்டிக்கொள்வது கட்டாயம்; அவர் தவறி விழுந்தால் அக்கயிறு இழுபட்டு இயந்திரம் உடனே நின்றுவிடும். மது அருந்துவது நங்கூரமிட்ட பிறகுதான், நீந்தி முடித்த பிறகுதான்.

யாரேனும் கடலில் விழுந்துவிட்டால் ஒருவர் உரக்கக் கத்தி, கையை நீட்டி, விழுந்தவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் சுட்டிக்காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கிடையாது. முதல் நாளிலேயே ஒரு மிதவையை எறிந்துவிட்டு இதை ஒத்திகை பாருங்கள். அவசர அழைப்புக்கு விஎச்எஃப் வானொலியின் 16-ஆவது அலைவரிசை என்பதையும், கருவியை இயக்கும் முறையையும் படகுத் தலைவர் மட்டுமல்லாமல் குறைந்தது இன்னும் இருவர் அறிந்திருக்க வேண்டும்.

குமட்டலுக்கு என்ன செய்வது?

மருந்தைக் குமட்டல் வந்தபின் விழுங்கிப் பயனில்லை. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த மருந்து என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. கீழே அறைக்குள் போய்க் கைப்பேசியைப் பார்ப்பதைப்போல் கெடுதல் வேறில்லை. மேலே, காற்றுப்படும் இடத்தில் அமர்ந்து தொடுவானத்தைப் பார்ப்பதும், இயன்றால் சுக்கானைப் பிடிப்பதும் பலருக்குக் கைகொடுக்கும்.

படகில் தண்ணீர், மின்சாரம் எல்லாம் போதுமான அளவு இருக்குமா?

700 லிட்டர் தொட்டி என்றால் எட்டுப் பேருக்கு ஏழு நாட்களில் தலைக்கு நாளொன்றுக்கு 12 லிட்டர் அளவே வரும். நம் ஊர் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்கள் இதை எளிதில் சமாளிப்பார்கள். கடலில் குளித்துவிட்டுக் கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர், பாத்திரத்துக்கு முதல் கழுவல் கடல்நீரில் என்று பழகிக்கொண்டால் இடையில் ஒருமுறை நிரப்பினால் போதும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி சில படகுகளில் உண்டு. வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள். கழிப்பறையில் உடலிலிருந்து வந்ததைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள். அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யப்போவது உங்களில் ஒருவர்தான். உள்தீவுகளில் கைப்பேசித் தொடர்பு நன்றாகவே கிடைக்கிறது.

நம் சாப்பாடு கிடைக்குமா? சைவர்கள் என்ன செய்வது?

அரிசியும் பருப்பும் மசாலாவும் தலைநகர் விக்டோரியாவின் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் மீன்குழம்பு உள்ளூரின் அன்றாட உணவு என்பதால் அந்நியமாகவே தோன்றாது. பெரும்பாலான பொருட்கள் இறக்குமதி என்பதால் காய்கறி விலை மட்டும் திகைக்க வைக்கும். பிராலின், லா டீக் கடைகளில் தேர்வு குறைவு. ஆகவே முதல் நாளிலேயே விக்டோரியாவில் முழுவதையும் வாங்கிவிட வேண்டும். முட்டைக்கோஸ், பூசணி, வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவை குளிர்பெட்டி இல்லாமலே வாரம் தாங்கும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் இவற்றை ஊரிலிருந்து கொண்டுபோனால் உருளும் படகில் அடுப்பருகே நிற்கும் நேரம் குறையும். விதை, பழம், இறைச்சி ஆகியவற்றுக்குச் சுங்கத்தில் கட்டுப்பாடு உண்டு. தூண்டில் போட்டு மீன் பிடிக்கலாமா, எங்கே கூடாது என்பதை நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்பூங்காவுக்குள் கூடவே கூடாது, ஈட்டியால் குத்திப் பிடிப்பது எங்குமே தடை.

கடற்கொள்ளையர், சுறா பற்றி அஞ்ச வேண்டுமா?

2009 அக்டோபரில், சீஷெல்ஸிலிருந்து தான்சானியா நோக்கிப் புறப்பட்ட ஒரு பாய்மரப் படகைச் சோமாலியக் கொள்ளையர் கைப்பற்றி, அதிலிருந்த தம்பதியை ஓராண்டுக்கு மேல் பிணையாக வைத்திருந்தனர். அச்சம் அதிலிருந்து வந்தது. ஆனால் அது ஆழ்கடல் பயணம். சோமாலியக் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், கரை தெரியும் தூரத்தில், பகலில் மட்டும் உள்தீவுகளுக்கிடையே போய்வருவதை அதோடு ஒப்பிடுவது பொருந்தாது. சுறா தாக்கி 2011 ஆகஸ்டில் ஆன்ஸ் லாசியோவில் இருவர் இறந்தனர். அத்தகைய நிகழ்வு மிக அரிது. மீன் கழிவை நீந்தும் இடத்தில் கொட்டாதீர்கள், அந்திக்குப்பின் நீந்தாதீர்கள். உண்மையில் அதிகம் பேரை வாட்டுவது வெயில்தான். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் இல்லாதவர் இரண்டாம் நாளே அறைக்குள் முடங்கிவிடுவார்.

அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 1770-இல் செயின்ட் ஆன் தீவில் வந்திறங்கிய முதல் குடியேற்றக் குழுவிலேயே இந்தியர் ஐவர் இருந்தனர். பின்னர் வணிகத்துக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. பிள்ளை, செட்டி, நாயுடு என்ற குடும்பப் பெயர்களைக் கடைப் பலகைகளில் காணலாம். விக்டோரியாவின் குவின்சி தெருவில் நவசக்தி விநாயகர் கோயில் உள்ளது. தைப்பூசக் காவடி ஆண்டுதோறும் நடக்கிறது. படகு கைக்கு வருமுன் கிடைக்கும் அரை நாளில், சந்தைக்குப் போகும் வழியில் பார்த்துவிடலாம். பேச்சு பெரும்பாலும் கிரியோல், ஆங்கிலம், பிரெஞ்சு மொழிகளில்தான்.

நினைவுப் பொருளாக இரட்டைத் தேங்காய் வாங்கி வரலாமா?

அரசின் முத்திரையும் ஏற்றுமதி அனுமதிச் சீட்டும் உள்ளதை மட்டும், உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம். அவை இல்லாததை விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள். சிப்பி, பவளத்துண்டு எதையும் கரையிலிருந்து எடுக்காதீர்கள்.

படகைத் திருப்பி ஒப்படைக்கும் நாளில் என்ன நடக்கும்?

டீசல் தொட்டியை நிரப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் ஆட்கள் பாய், கயிறு, சமையலறைப் பாத்திரம் வரை சரிபார்ப்பார்கள். சில இடங்களில் முக்குளிப்பவர் ஒருவர் இறங்கி அடிப்பகுதியையும் பார்ப்பார். படகைப் பெற்ற நாளில் ஏற்கெனவே இருந்த கீறல்களையெல்லாம் தேதியோடு படமெடுத்து வைத்திருந்தால் இந்த நேரத்தில் விவாதம் எழாது. எங்கேனும் அடி தட்டியிருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்; அடுத்து அப்படகில் ஏறப்போகும் குழுவின் பாதுகாப்பு அதில் இருக்கிறது. ஒப்படைப்பு பெரும்பாலும் காலையில் முடிந்துவிடும் என்றாலும், தாமதமாகத் திரும்பினால் அபராதம் உண்டு. ஆகவே முந்தைய இரவே மாஹேக்கு வந்து சேர்ந்துவிடுங்கள். ஊர் திரும்பும் விமானத்தை அன்று மாலைக்கு முன்னதாகப் பதிவு செய்யாதீர்கள்.